மாலை போட வருகிறவர்களுக்கு ஒரு கேள்வி

மே மாதம் 27ந் தேதி வந்துவிட்டால் பண்டித நேருவின் படங்களுக்கு மாலை விழுகிறது. நவம்பர் 14ந் தேதி வந்தால் மறுபடியும் விழுகிறது. ஜனநாயகத்தை நமக்கு வாரி வழங்கிய வள்ளல் என்று கதர்ச்சட்டைக்காரர்கள் நாலு வார்த்தை பேசுகிறார்கள். காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். இன்னொரு கூட்டம் மாலை போடுவதில்லை. ரயில் கவிழ்ந்தாலும் சரி, ரூபாயின் மதிப்பு சரிந்தாலும் சரி, எல்லாவற்றுக்கும் நேருதான் காரணம் என்று ஏசுவதே அதற்குப் பிழைப்பு. 1964ல் கண்மூடிய மனிதரோடு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இவ்வளவு மும்முரமாக மல்லுக்கு நிற்கிறார்கள் என்றால், அந்த மனிதர் இவர்களுக்குப் பிடிக்காத எதையோ செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

இந்த இரண்டு கூட்டத்திலும் நாம் இல்லை. நாம் யார்? நேருவின் ஆட்சிக் காலத்தில் சிறைக்குள் தள்ளப்பட்டவர்கள் நாம். அவர் காலத்துப் போலீசின் தடியடியை வாங்கியவர்கள் நாம். நம்முடைய ராஜ்ய சர்க்கார் ஒன்றை அவருடைய மந்திரி சபை கவிழ்த்திருக்கிறது. ஆகவே நாம் அவரைப் புகழ்ந்து ஒரு வார்த்தை சொன்னால் அது தேர்தல் டிக்கட்டுக்காகச் சொன்ன வார்த்தை ஆகாது. குறை சொன்னால் அது அவதூறும் ஆகாது.

நம்முடைய கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நேரு ஜனநாயகத்தை மதித்தார். அது வேஷமல்ல. ஆனால் அவர் மதித்த ஜனநாயகம் பண்ணையின் வேலி வரை வந்தது, மில்லின் கேட் வரை வந்தது, அங்கே நின்றுவிட்டது. அதை உள்ளே கொண்டுபோக யார் முயன்றாலும் அவருடைய சர்க்காரே குறுக்கே நின்றது. மாலை போடுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்ல மாட்டார்கள். ஏசுகிறவர்கள் முதல் பாதியைச் சொல்ல மாட்டார்கள்.

ஓட்டுப் பெட்டி

வெள்ளைக்காரன் காலத்தில் யாருக்கு ஓட்டு இருந்தது? சொத்து இருக்க வேண்டும், அல்லது வரி கட்டியிருக்க வேண்டும், அல்லது படித்திருக்க வேண்டும். பெரியாறு கால்வாய் பாய்கிற மேலூர், சோழவந்தான், வாடிப்பட்டி வயல்களில் சேற்றில் இறங்கி நாற்று நட்ட பெண்ணிடம் இந்த மூன்றில் எது இருந்தது? நிலம் மிராசுதாருடையது. வரியும் அவர் பெயரில். பள்ளிக்கூடத்தின் வாசற்படியை அவள் மிதித்ததில்லை. அவளுடைய பெயர் எந்த ஜாபிதாவிலும் இல்லை.

1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்த முதல் பொதுத் தேர்தலில் அவள் பெயர் ஏறியது. நாடெங்கும் 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்கள். நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் எழுத்து வாசனை இல்லாதவர்கள். ஒவ்வொரு அபேட்சகருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் ஒரு சின்னம். படிக்கத் தெரிய வேண்டியதில்லை; சின்னத்தைப் பார்த்து, சீட்டைப் பெட்டியில் போட்டால் போதும். கைநாட்டுக்காரனுக்கு ஓட்டா, நாடு உருப்படுமா என்று அங்கலாய்த்த பெரிய மனிதர்கள் அன்று ஏராளம். முதலில் படிக்கட்டும், பிறகு ஓட்டுக் கொடுக்கலாம் என்றார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அப்படித்தான் படிப்படியாகக் கொடுத்தார்கள் என்று உதாரணம் காட்டினார்கள். அந்த வாதத்துக்கு நேரு இணங்கவில்லை.

இது அவர் திடீரென்று எடுத்த முடிவுமல்ல. 1931 மார்ச்சில் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதன் நகலைத் தயாரித்தவர் நேரு. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று அதில் இருந்தது. அதே தீர்மானத்தில் வேறு சில சங்கதிகளும் இருந்தன. அவற்றை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஆலைத் தொழிலாளிக்கு வாழ்க்கைக்குப் போதுமான கூலி. வேலை நேரத்துக்கு வரம்பு. முதுமைக்கும் நோய்க்கும் வேலையின்மைக்கும் பாதுகாப்பு. பெண் தொழிலாளிக்குப் பிரசவ லீவு. தொழிலாளிக்குச் சங்கம் அமைக்கும் உரிமை. உழுகிறவன் கொடுக்கும் குத்தகையில் கணிசமான குறைப்பு. ஒரே தீர்மானம், ஒரே கை எழுதியது. அதிலிருந்து ஓட்டு மாத்திரம் முழுதாக வந்து சேர்ந்தது. மற்றவை எங்கே?

அந்த முதல் தேர்தலில் மதுரை என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். மதுரை வடக்குத் தொகுதியில் தோழர் பி. ராமமூர்த்தி நின்றார். சிறையில் இருந்தபடியே ஜெயித்தார். 1947 ஆகஸ்டு 14ந் தேதி, சுதந்திரத்துக்கு முதல் நாள்தான், வெள்ளைக்காரன் ஜோடித்த மதுரை சதி வழக்கிலிருந்து அவரும் தோழர் என். சங்கரய்யா முதலியவர்களும் வெளியே வந்திருந்தார்கள். சுதந்திர இந்தியாவின் சிறை மறுபடியும் அவரை விழுங்கியது. வாக்காளர்கள் என்ன தீர்ப்புச் சொன்னார்கள்? எவரைச் சர்க்கார் பூட்டி வைத்ததோ அவரையே சட்டசபைக்கு அனுப்பினார்கள். கைநாட்டுக்காரனுக்கு ஓட்டு எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல பதில் உண்டா?

சென்னை ராஜ்யம் முழுவதிலும் அதே கதைதான். 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. கம்யூனிஸ்டுகளுக்கு 62. ஆந்திர கேசரி பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் சேர்ந்து ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைத்தன. காங்கிரசைவிட அவர்களுக்கு ஆள் அதிகம். ஆனால் கவர்னர் யாரைக் கூப்பிட்டார்? தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை! மேல்சபைக்கு நியமனம் செய்து, கொல்லைப்புற வழியாக முதல் மந்திரி ஆக்கினார்கள். நேருவுக்கு இது பிடிக்கவில்லை. எப்பாடுபட்டாவது பதவியில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறோம் என்ற எண்ணம் ஜனங்களுக்கு ஏற்படக் கூடாது என்று எழுதினார். எழுதினார், தடுக்கவில்லை. வருத்தமும் படுவார், சம்மதமும் கொடுப்பார். இதை மறுபடியும் பார்க்கப் போகிறோம்.

பதினாறாவது நாள்

1950 ஜனவரி 26ந் தேதி அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தது. பேச்சுரிமை, எழுத்துரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் சேரும் உரிமை எல்லாம் அதில் எழுதப்பட்டன. சரியாகப் பதினாறாவது நாள், பிப்ரவரி 11ந் தேதி, சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்டுக் கைதிகள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. 22 தோழர்கள் மாண்டார்கள். சிறை மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்த கைதிகள் அவர்கள். எங்கே ஓடித் தப்பியிருப்பார்கள்? சுட்டது சென்னை ராஜ்ய காங்கிரஸ் சர்க்காரின் போலீஸ். அந்த மாதக் கடைசியிலேயே டெல்லி பார்லிமெண்டு தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. கொண்டு வந்தவர் உள்நாட்டு மந்திரி வல்லபாய் பட்டேல். அந்த மந்திரி சபையின் தலைவர் நேரு. குற்றம் செய்தால் தண்டிப்பது சட்டம். குற்றம் செய்யக் கூடும் என்று சர்க்காருக்குத் தோன்றினாலே விசாரணையின்றிப் பூட்டி வைப்பது என்ன சட்டம்? தோழர் ஏ.கே. கோபாலன் சிறையிலிருந்தே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1950 மே மாதம் தீர்ப்பு வந்தது. பெரும்பகுதி செல்லும் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

இவ்வளவும் யார் ஆட்சியில்? 1936ல் வெள்ளையரின் அடக்குமுறையை எதிர்ப்பதற்கென்றே சிவில் உரிமைச் சங்கத்தை நிறுவிய அதே நேருவின் ஆட்சியில். தன் வாழ்நாளில் ஏறக்குறைய ஒன்பது வருஷம் சிறையில் கிடந்த நேருவின் ஆட்சியில். சிறைக் கதவு எப்படிச் சாத்தப்படும் என்பது அவருக்குத் தெரியாததா?

இன்னொன்று. பம்பாயிலிருந்து ‘கிராஸ்ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அது சென்னை ராஜ்யத்துக்குள் நுழையக் கூடாது என்று சென்னை சர்க்கார் உத்தரவு போட்டது. ஆசிரியர் ரமேஷ் தாப்பர் வழக்காடினார். 1950 மே 26ந் தேதி தடை செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஜெயித்தோம் என்று சந்தோஷப்பட்டது ஒரு வருஷந்தான். 1951 ஜூனில் அரசியல் சட்டத்தையே திருத்தி, பேச்சுரிமையைச் சுற்றிப் பொது ஒழுங்கு என்ற வேலியை நேரு சர்க்கார் போட்டுவிட்டது. (வாரப் பத்திரிகை நடத்துகிறவர்கள் இதை அவ்வளவு சுலபத்தில் மறந்துவிட மாட்டார்கள்.)

இந்தச் சட்டங்களை நேரு காலத்தோடு போய்விட்டவை என்று நினைக்க வேண்டாம். தடுப்புக் காவல் சட்டம் முதலில் ஒரு வருஷத்துக்குத்தான் என்று சொல்லி வந்தது. புதுப்பித்துப் புதுப்பித்து 1969 கடைசி வரை நீடித்தது. 1971ல் ‘மிசா’ பிறந்தது. 1975 ஜூனில் அவசர நிலை வந்தபோது அதே மிசாவில் காங்கிரசுக்கு எதிரான கட்சிகளெல்லாம் சிறைக்குப் போயின. நேற்று நம்மைப் பூட்டியபோது கைதட்டியவர்களும் அந்தக் கும்பலில் இருந்தார்கள். 1982ல் தமிழ்நாட்டில் குண்டர் சட்டம். மத்தியில் 1967ல் வந்த சட்டவிரோத நடவடிக்கைத் தடுப்புச் சட்டம் இன்று எப்படியெல்லாம் வளைக்கப்படுகிறது என்பதைப் பத்திரிகை படிக்கிற எல்லோரும் அறிவார்கள். நேருவை ஏசுகிற இன்றைய ஆட்சியாளர்கள் அவருடைய அணைக்கட்டைக் குறை சொல்கிறார்கள், ஆலையைக் குறை சொல்கிறார்கள். அவர் காலத்தில் அடிக்கப்பட்ட இந்தக் கத்தியை மாத்திரம் ஒரு நாளும் குறை சொன்னதில்லை!

அப்படியானால் எதற்கு அஞ்சலி?

நியாயமான கேள்விதான். 22 பேரைப் பறிகொடுத்தவர்கள் எதற்கு இந்த மனிதருக்குத் தலை வணங்க வேண்டும்?

அக்கம்பக்கத்தைப் பாருங்கள். நமக்கு ஒரு நாள் முந்திச் சுதந்திரம் பெற்ற பாகிஸ்தானில் 1958ல் அயூப் கான் ராணுவ ஆட்சி. பர்மாவில் 1962ல் நீ வின். காலனி நாடுகளில் விடுதலைக்குத் தலைமை தாங்கியவர்கள் எத்தனை பேர் தங்களையே ஆயுட்காலத் தலைவர்களாக முடிசூட்டிக்கொண்டார்கள்! நேரு நினைத்திருந்தால் முடியாததா? அந்தப் புகழ் அவருக்கு இருந்தது. அந்தப் பெரும்பான்மையும் இருந்தது. இப்படி ஒரு ஆபத்து தன்னிடத்திலேயே இருக்கிறது என்பதை அவரே உணர்ந்திருந்தார். 1937ல் ‘மாடர்ன் ரிவியூ’ பத்திரிகையில் சாணக்கியன் என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வந்தது. ஜவஹர்லால் சர்வாதிகாரியாக மாறக் கூடும், அவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்பது அதன் சாரம். எழுதியவர் யார்? ஜவஹர்லாலேதான்! தன்னைப் பற்றித் தானே எச்சரிக்கை எழுதிய தலைவர் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். இன்றைய தலைவர்கள் தங்களைப் பற்றி எழுதச் சொல்வதெல்லாம் தோத்திரம்தான்.

முதல் லோக்சபையில் கம்யூனிஸ்டுகள் 16 பேர். தடுப்புக் காவல் சட்டத்தை எதிர்த்து வழக்காடிய அதே ஏ.கே. கோபாலன் அவர்களுக்குத் தலைவர். எதிரே காங்கிரசுக்கு 364 பேர். இந்தப் பதினாறு பேரை அலட்சியம் செய்தால் கேட்பார் யார்? ஆனால் நேரு சபைக்கு வந்தார். உட்கார்ந்தார். கேட்டார். கோபித்துக்கொண்டு பதில் சொன்னார். ஆனால் பதில் சொன்னார். 1962 நவம்பரில், எல்லையில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தபோதே பார்லிமெண்டைக் கூட்டி, தன் தோல்வியைச் சபை அலசச் சம்மதித்தார். அதே நவம்பரில் இந்தியப் பாதுகாப்பு விதிகளைக் காட்டி நாடெங்கும் கம்யூனிஸ்டுகளை அவருடைய சர்க்கார் கைது செய்தது என்பதையும் அடுத்த வரியிலேயே எழுத வேண்டியிருக்கிறது. 1963 ஆகஸ்டில் ஆசார்ய கிருபளானி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தார். லோக்சபை வரலாற்றில் முதலாவது தீர்மானம். நாலு நாள் விவாதம். முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஆதரவு 62, எதிர்ப்பு 347. தோற்கப் போகிற தீர்மானத்துக்கு நாலு நாள் எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

இதோடு 2020 செப்டம்பரை ஒப்பிட்டுப் பாருங்கள். விவசாயச் சட்டங்கள் ராஜ்யசபைக்கு வந்தன. ஓட்டெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். குரல் ஓட்டு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். கேட்ட எட்டுப் பேர் சஸ்பெண்டு. இரண்டு மூன்று நாளில், எதிர்க்கட்சி பெஞ்சுகள் காலியாகக் கிடந்த சபையில், தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மூன்று நிறைவேறின. நம் பாட்டன்மார் ஸ்டிரைக் செய்து, அடிபட்டு, மில் கேட்டில் பட்டினி கிடந்து வாங்கிய சட்டங்களை மாற்றுவதற்கு எவ்வளவு நேரம்! முன்பெல்லாம் நூறு பேர் வேலை செய்கிற ஆலையை மூட வேண்டுமானால் சர்க்காரிடம் அனுமதி கேட்க வேண்டும். இனி முந்நூறு பேர் இருந்தால்தான் கேட்க வேண்டும் என்பது ஒரு ஷரத்து. எந்த ஆலையானாலும் பதினாலு நாள் நோட்டீஸ் கொடுக்காமல் ஸ்டிரைக் செய்யக் கூடாது என்பது இன்னொரு ஷரத்து. டெல்லி எல்லையில் ஒரு வருஷம் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்து விவசாயிகள் தங்கள் மீது வந்த சட்டங்களை 2021 நவம்பரில் வாபஸ் வாங்க வைத்தார்கள். வாபஸ் மசோதாவையும் விவாதமின்றியே நிறைவேற்றினார்கள்! போடும்போதும் பேச்சு இல்லை, எடுக்கும்போதும் பேச்சு இல்லை. 2023 டிசம்பரில் ஒரே கூட்டத் தொடரில் இரண்டு சபைகளிலுமாக 146 அங்கத்தினர்களை வெளியே நிறுத்திவிட்டு, நாட்டின் குற்றவியல் சட்டங்கள் மூன்றையும் மாற்றி எழுதினார்கள். பதினாறு பேருக்குப் பதில் சொன்ன பிரதமரின் அருமை இப்போது தெரிகிறதா? நம் அஞ்சலி இதற்குத்தான்.

வேலிக்குள் நுழைந்தபோது

இனி இரண்டாவது பாதி. 1957 ஏப்ரலில் கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்டு மந்திரி சபை பதவியேற்றது. துப்பாக்கியால் அல்ல, நேரு கொண்டு வந்த அதே ஓட்டுப் பெட்டியால். பதவியேற்ற ஒரு வாரத்துக்குள் குடியானவனை நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் போட்டார்கள். பிறகு கல்வி மசோதா, விவசாய உறவு மசோதா. நிலத்துக்கு உச்சவரம்பு, குத்தகைக்கு வரம்பு. வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்கிற கராச்சித் தீர்மானத்தை இங்கே எடுத்துப் பார்க்கட்டும். நேரு 1931ல் எழுதியதை இ.எம்.எஸ். 1957ல் செய்யத் தொடங்கினார். அவ்வளவுதானே வித்தியாசம்?

என்ன நடந்தது? நிலப்பிரபுக்களும் ஜாதித் தலைவர்களும் பள்ளிக்கூட முதலாளிகளும் சேர்ந்து ‘விமோசன சமரம்’ என்று பெயர் சூட்டிக் கலகம் செய்தார்கள். காங்கிரஸ் அதில் சேர்ந்துகொண்டது. அப்போது அகில இந்திய காங்கிரஸ் தலைவர் இந்திரா காந்தி. விவசாய உறவு மசோதா 1959 ஜூனில் சட்டசபையில் நிறைவேறியது. ஜூலை 31ந் தேதி மந்திரி சபை டிஸ்மிஸ்! சட்டசபையில் பெரும்பான்மை இருந்த மந்திரி சபை. நேருவுக்கு இதில் மனச் சங்கடம் இருந்தது என்று அவருடைய அபிமானிகள் எழுதுகிறார்கள். இருந்திருக்கட்டும். மனச் சங்கடம் குடியானவனுக்குக் குத்தகையைக் குறைக்குமா? ராஜாஜி விஷயத்தில் கடிதம் எழுதிவிட்டு விட்டுவிட்டார். இங்கே சங்கடப்பட்டுவிட்டுச் செய்துவிட்டார். 356வது ஷரத்துக்கு அன்று கிடைத்த ருசி, பிற்காலத்தில் எத்தனை மந்திரி சபைகளை விழுங்கியது! தமிழ்நாட்டில் மாத்திரம் 1976, 1980, 1988, 1991 என்று நாலு முறை.

வேடிக்கை என்னவென்றால், கேரள மந்திரி சபையைக் கலைத்து இரண்டு மாதம் ஆன கையோடு, 1959 அக்டோபர் 2ந் தேதி, ராஜஸ்தானத்தில் நாகௌர் என்ற ஊரில் நேரு பஞ்சாயத்து ராஜ்யத்தைத் தொடங்கி வைத்தார். அதிகாரம் கிராமத்துக்குப் போக வேண்டும் என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார், அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் கிராமத்தில் நிலம் யாரிடம் இருக்கிறது? நிலம் இருக்கிறவனிடம் ஜாதியும் ஜாதி இருக்கிறவனிடம் அடியாளும் இருந்தால், கிராமத்துக்குப் போகிற அதிகாரம் யார் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரும்?

இந்தக் கேள்விக்கு மதுரைச் சீமை பதில் சொல்லியிருக்கிறது. அதை ரத்தத்தால் எழுதியிருக்கிறது.

மேலூருக்குப் பக்கத்தில் மேலவளவு. 1996ல் அந்த ஊராட்சியின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. மனுச் செய்தவர்கள் மிரட்டப்பட்டு வாபஸ் வாங்கினார்கள். வீடுகள் எரிந்தன. ஓட்டுப் பதிவு நாளில் பெட்டிகள் பறிக்கப்பட்டன. டிசம்பர் கடைசியில் போலீஸ் காவலோடு மறுபடியும் தேர்தல் நடந்து, முருகேசன் தலைவரானார். தலைவரானாரே தவிர, ஊராட்சி ஆபீசுக்குள் நிம்மதியாகக் காலெடுத்து வைக்க அவரால் முடியவில்லை. 1997 ஜூன் 30ந் தேதி, எரிந்த வீடுகளுக்கு நஷ்ட ஈடு கேட்டு மதுரைக் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில் பஸ்ஸை வழிமறித்து அவரையும் கூட இருந்தவர்களையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையை அறுத்துக் கிணற்றில் போட்டார்கள். அவர் செய்த குற்றம் என்ன? தேர்தலில் நின்றார், ஜெயித்தார். 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்து 2001ல் தீர்ப்பு. 2009ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேரைத் தமிழ்நாடு சர்க்கார் முன்கூட்டியே விடுதலை செய்துவிட்டது. மேலவளவுக் காலனிக்கு எப்படி இருந்திருக்கும்!

உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். அங்கே வெட்டுக்குத்து நடக்கவில்லை, வேறு தினுசு. 1996 முதல் பத்து வருஷம் தேர்தலே நடக்க விடவில்லை. சில சமயம் தாழ்த்தப்பட்டவர் ஒருவரையே நிறுத்தி, ஜெயித்த கையோடு ராஜினாமாக் கடிதம் வாங்கினார்கள். பத்து வருஷமாக எத்தனை பேர் போராடி, எத்தனை ஊர்வலம் போய், 2006 அக்டோபரில்தான் அந்த ஊர்களில் தலைவர் நாற்காலியில் தாழ்த்தப்பட்டவர் உட்கார முடிந்தது. அந்தப் பத்து வருஷமும் அங்கே விவசாயக் கூலிகளாக இருந்தவர்கள், எந்த வயலுக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்ததோ அந்த வயல்காரர்களையே எதிர்த்து மனுப் போட வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. வயிறு ஒருவன் கையில் இருக்கும்போது ஓட்டு மாத்திரம் நம் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அங்கே பார்த்தோம்.

மில் கேட்டுக்கும் இது பொருந்தும். 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் திண்டுக்கல் முதற்கொண்டு கொங்குச் சீமை வரை நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று பரவியது. பெயரைப் பாருங்கள், மங்களகரமாகத்தான் இருக்கிறது! கிராமத்து ஏழைப் பெண் மூன்று வருஷம் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை. கல்யாணத்துக்கு ஆகும் என்பார்கள். நடுவில் நோய் வந்து வீட்டுக்குப் போனால் தொகை போயிற்று. வெளியே போகக் காவல், போன் பேசக் காவல். பதினெட்டு வயதான அந்தப் பெண்ணுக்கு இந்த நாட்டின் பிரதம மந்திரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது. ஷிப்டு முடிந்து கடைத்தெருவுக்குப் போகும் உரிமை இல்லை. சங்கத்தின் நோட்டீசை வாங்கிப் படிக்கும் உரிமையும் இல்லை. கராச்சியில் எழுதிய சங்க உரிமை மதில் சுவருக்கு வெளியே நின்றுவிட்டது.

நேருவிடம் மரண சாசனம் ஒன்று இருந்தது, 1954ல் எழுதியது. தன் அஸ்தியில் ஒரு கைப்பிடியைக் கங்கையில் கரைக்கச் சொன்னார். பெரும்பகுதியை ஆகாய விமானத்தில் எடுத்துச் சென்று, இந்தியாவின் விவசாயிகள் பாடுபடுகிற வயல்களின் மேல் தூவச் சொன்னார். 1964 ஜூனில் அப்படியே தூவினார்கள். கோயில் கட்டச் சொல்லாமல், உழுகிற மண்ணோடு சேரக் கேட்ட அந்த ஆசையைக் கேலி செய்ய நமக்கு மனம் வராது. ஆனால் அவர் சாம்பல் விழுந்த வயல்களில் எத்தனை வயல் உழுகிறவனுடையது? உச்சவரம்பு என்று சொல்லி 1961ல் சென்னை ராஜ்யத்தில் வந்த சட்டத்தில் வரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். அதிலும் விதிவிலக்கு மேல் விதிவிலக்கு. மடத்துப் பெயரிலும் டிரஸ்டுப் பெயரிலும் நாய் பூனைப் பெயரிலும் எழுதிக்கொண்டது போக மிஞ்சியது என்ன என்று எந்தக் கிராமத்துக் களத்துமேட்டிலும் கேட்கலாம்.

ஆகவே மாலை போட வருகிறவர்களிடம் நம் கேள்வி இதுதான். பார்லிமெண்டை மதித்த நேருவுக்கா மாலை போடுகிறீர்கள், அல்லது 1959 ஜூலை 31ந் தேதி நேருவுக்கா? முதலாமவருக்கு என்றால், உங்கள் கட்சி ஆண்ட காலத்தில் போட்ட தடுப்புக் காவல் சட்டங்கள் தவறு என்று அந்த மேடையிலேயே சொல்லுங்கள். கராச்சித் தீர்மானத்தின் மிச்சத்தை எப்போது அமுல் செய்வீர்கள் என்று சொல்லுங்கள். இரண்டாமவருக்கு என்றால் அதையும் தைரியமாகச் சொல்லிவிடுங்கள். டெல்லியில் இருந்துகொண்டு அவரை ஏசுகிறவர்களிடம் கேட்க நமக்கு ஒன்றுமில்லை; அடுத்த தடவை நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரும்போது, பதினாறு பேர் கேட்டாலும் பதில் சொல்லட்டும்.

மே 27 கழிந்து முப்பத்து நாலாவது நாள் ஜூன் 30. மேலவளவில் முருகேசனுக்கும் அவரோடு மாண்டவர்களுக்கும் வருஷந்தோறும் ஜனங்கள் கூடுகிறார்கள். மதுரையிலிருந்து மேலூர் வழியாக பஸ் இருக்கிறது. நேரு படத்துக்குப் போட்டது போக மாலை மிச்சமிருந்தால் அங்கே கொண்டு வாருங்கள்.